கீரிப்பாறையும் பழவிளையும்

குமரி மாவட்டத்தில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் இரண்டு விதமாக வாழ்கிறார்கள். கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு பகுதிகளில் அரசு ரப்பர் கழகத் தோட்டங்களுக்கு விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகிறவர்களில் பலர், 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி கப்பலில் வந்த மலையகத் தமிழர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பட்டையைச் சீவுவதும், சிரட்டையில் சொட்டிய பாலை வாளியில் சேர்ப்பதும், காய்ந்த ஒட்டுப்பாலை உரித்தெடுப்பதும் அவர்கள் பிழைப்பு. கூலி போதாதென்று வேலைநிறுத்தமும் செய்வார்கள். குடிமக்கள், செய்யலாம். பழவிளை, பெருமாள்புரம், ஞாறான்விளை, கோழிவிளை முகாம்களில் இருப்பவர்கள் 1983க்குப் பின் போருக்கு அஞ்சிப் படகேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளும். இவர்கள் ‘செக்கிங்’ நாளில் வரிசையில் நின்று முகம் காட்டவேண்டும். இவர்களுக்கு ஓட்டு இல்லை, பாஸ்போர்ட் இல்லை. சட்டப் புத்தகத்தில் இவர்கள் பெயர் ‘சட்டவிரோதக் குடியேறி’. தமிழக முகாம்களில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் ரப்பர் தோட்டத்தாரைப் போலவே மலையக வம்சாவளியினர். அவர்களைப் பொறுத்தவரை இந்த வேறுபாட்டுக்கு நியாயம் கிடையாது என்பதே இந்த வாரக் கட்டுரையின் வாதம்.

கணக்கைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். இலங்கையின் 1948ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழர்களை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. அதை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப்பாதியாக்கிக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்களுக்கு நீலகிரியில் தேயிலையும் குமரியில் ரப்பரும் வேலை கொடுத்தன. அரசு ரப்பர் கழகம் 1984இல் உருவானது. அதே 1984இல்தான் போரால் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. இந்திய பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கரையில் காத்திருந்தவர்கள் அங்கேயே சிக்கினார்கள். 1977, 1983 கலவரங்களில் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடிக் குடியேறியவர்களைப் போர் அங்கேயும் துரத்தியது. கப்பலில் வந்திருந்தால் கீரிப்பாறை; படகில் வந்ததால் முகாம்.

 இந்த நிலையை மாற்ற நம் முகாம்களில் செய்யப்பட்ட வேலைக்குக் கோஷமில்லை. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பிள்ளைகளைப் படிக்கவைத்தது, பிறப்புச் சான்றிதழுக்கும் இலங்கைக் குடியுரிமைப் பதிவுக்கும் மனு எழுதிக்கொடுத்தது. தகப்பன் கட்சி தொடங்கிய அதே பிரச்சினைக்கு மகன் படிவம் நிரப்பவேண்டி வந்ததை வரலாற்றின் கேலி என்றுதான் சொல்லவேண்டும். படிவம் நிரப்புவதைச் சின்ன வேலை என்று நினைக்கக் கூடாது. எந்த ஊரில், எந்தத் தேதியில், யாருக்குப் பிறந்தோம் என்பதற்குத் தாள் இல்லாதவரை எந்த நீதிமன்றத்திலும் வழக்கு நிற்காது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்திய பாஸ்போர்ட் தரும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதும், 2024 தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டதும் பிறப்புச் சான்றிதழால் நடந்தவை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியரே என்று 1955 குடியுரிமைச் சட்டம் சொல்கிறது.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. போர் 2009இல் முடிந்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்கிறார்கள். போக விரும்புகிறவர் போகட்டும். சந்திரகாசனின் கழகமும் நெடுநாள் அந்த வழியைத்தான் முன்வைத்தது. முகாமில் இருப்பவர்களும் குடியுரிமை பெறும்படி இலங்கை 2009இல் தன் சட்டத்தைத் திருத்தியதும் உண்மை. ஆனால் வவுனியாவில் ஒண்டியிருந்த குடும்பத்துக்குத் திரும்பிப் போகக் காணி எங்கே இருக்கிறது? இந்தியா தர்மசாலையா என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கேட்டது. கேள்வி வலுவானது, மழுப்பக் கூடாது. விருந்தாளியாக வந்தவரிடம் அதைக் கேட்கலாம். இவர்களோ 1964இல் இந்தியா கையெழுத்திட்டு ஏற்ற கணக்கில் அடங்கியவர்களின் வாரிசுகள். தங்கள் நிலையைப் பரிசீலிக்கக் கோரி 65 பேர் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாக மட்டும் பார்க்கக் கூடாது என்ற வகையில்தான் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானோடு நின்றுகொண்டது.

மாநில அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2021இல் 317 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது, குடும்பத் தலைவருக்கான உதவித்தொகை 1,500 ரூபாயானது, முகாமின் பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என மாறியது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து விலக்களித்தது. தண்டிக்கமாட்டோம் என்பது பெரிய ஆறுதல்தான், ஆனால் அதனால் குடியுரிமை வந்துவிடாது. இனிச் செய்யவேண்டியது, முகாம்களில் உள்ள மலையக வம்சாவளியினரைத் தனியே கணக்கெடுத்து, ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையிலிருந்து அவர்களை விலக்கி, பதிவுமுறையில் குடியுரிமைக்கு மனுச்செய்ய வழிவிடுவது. நம் மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றம் போகிறவர் முதலில் எழுப்பவேண்டிய கோரிக்கை இதுவே.