கந்தசாமிப் பிள்ளையின் ஒன்றேகாலணா

நகர வாழ்வின் வரலாற்றை எழுதப் புகுவார் பெரும்பாலும் அரசாங்கக் குறிப்புகளையும் கம்பெனி அறிக்கைகளையுமே தேடுவர். சென்னையில் மின்சார டிராம் 1895ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓடத் தொடங்கி, 1953ஆம் ஆண்டு ஏப்ரலில் நின்றுபோயிற்று என்பதை அவை காட்டும். கார் இல்லாத ஒருவன், கையிலுள்ள சில்லறையை எண்ணிப் பார்த்து, எவ்வழியாக வீடு திரும்பினான் என்பதை அவை காட்டமாட்டா. அதனை அறிய இலக்கியத்தையே நாடவேண்டும்.

1943இல் 'கலைமகள்' வெளியிட்ட புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' என்னும் சிறுகதையைத் திறனாய்வாளர் அதன் அங்கதத்திற்காகவே போற்றினர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது கடவுள் தோன்றுவதற்கு முன்னுள்ள சில வரிகளை. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் மூலையில் நின்று பிள்ளையவர்கள் திருவல்லிக்கேணிக்குச் செல்லும் வகையை எண்ணுகிறார். டிராமுக்கு ஒன்றேகாலணா, எஞ்சுவது காலணா. எனவே அவர் கையிருப்பு ஒன்றரையணா என்று கொள்ளலாம். அந்தக் காலணாவுக்கு வெற்றிலை பாக்குக் கிடைக்கும். பஸ்ஸில் ஏறிக் கண்டக்டர் கண்ணில் படாமல் சென்ட்ரலைக் கடந்தபின் சீட்டு வாங்கினாலோ அரைக் கோப்பை காப்பிக்கு வழியுண்டு, வெற்றிலை இல்லை.

இக்கணக்கு நகைச்சுவைக்காக மட்டும் அமைந்ததன்று. பஸ் கட்டணம் ஏறுமிடத்திலிருந்து கட்டங்கட்டமாக வளர்ந்தது என்பதும், சென்ட்ரல் அத்தகைய ஓர் எல்லையாக இருந்தது என்பதும், இரண்டு ஊர்திகளுக்கும் இடையேயிருந்த போட்டி ஏழை ஒருவரின் மனத்தில் காப்பிக்கும் வெற்றிலைக்கும் இடையேயான போட்டியாக மாறியது என்பதும் இதனால் விளங்கும். பின்னர், வழி கேட்கும் கடவுளுக்குப் பிள்ளை கூறும் விடையிலும் டிராம், பஸ், நடை என மூன்றே வகை. காரைப் பற்றிய பேச்சே எழவில்லை. கடவுளோ டிராமை விரும்பாமல் மனிதன் இழுக்கும் ரிக்ஷாவை விரும்புகிறார். கதையின் மிகக் கூரிய இடம் அதுவே என்பது நம் கருத்து. (கைரிக்ஷா தமிழ்நாட்டில் 1973இல்தான் ஒழிக்கப்பட்டது.)

புனைகதையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்று சிலர் வினவுவர். கடவுள் வந்தது புனைவே; ஐயமில்லை. ஆயினும் சென்னையிலேயே அச்சான ஓர் இதழில், அதே டிராமில் சென்றுவந்த வாசகர்க்கு, பத்திரிகைத் தொழிலில் இருந்த ஒருவர் கட்டணத்தைத் தவறாக எழுதியிருந்தால் அந்த நகைச்சுவையே நிலைத்திராது. வியப்புக்குரிய பொருளில் கற்பனை செய்யும் ஆசிரியர், அன்றாடப் பொருளில் மெய்யையே சார்ந்து நிற்பர்.

இங்கு வேறோர் இடர்ப்பாடு உண்டு. 1957இல் தசம நாணயம் வந்தபின் அணாக் கணக்கு மறைந்தது. டிராம் இல்லை, பிராட்வே, பிரகாசம் சாலை எனப் பெயர் பெற்றது. கணக்கு விளங்காத மாணவர்க்கு அந்த முதற்பகுதியில் சிரிப்பும் வருவதில்லை, பிள்ளையின் வறுமையும் தெரிவதில்லை. சங்கப் பாடல்களுக்கு அரும்பத உரை எழுதும் நாம், எண்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட இக்கதைக்கும் அதனை எழுதவேண்டியிருக்கிறது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்கு நான்கு காலணா என்பதிலிருந்து அவ்வுரை தொடங்கலாம்.