யாழ்ப்பாணத்துப் போட்டி: சில வரலாற்றுக் குறிப்புகள்

ஒஸ்லோவில் என் பேத்தி ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். இந்நாட்டில் ஏழாம் வகுப்புவரை புள்ளி போடுவதில்லை. எட்டிலிருந்துதான் ஒன்று முதல் ஆறு வரையான புள்ளிகள். சென்ற மார்கழியில் ஒரு பிறந்தநாள் விழாவில், எனக்குத் தெரிந்த ஒருவர் அவளை மறித்து, "வகுப்பிலை எத்தினையாம் பிள்ளை?" என்று கேட்டார். அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. வகுப்பில் இருபத்துநான்கு பேர் என்று பதில் சொன்னாள். கேட்டவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கேட்டிராவிட்டால் நானே ஒருநாள் கேட்டிருப்பேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"எங்கட சனத்துக்குப் போட்டி இரத்தத்திலை ஊறினது" என்று நம்மவர் சொல்வதுண்டு. இந்த விளக்கத்தில் சலிப்புப் பாதி, பெருமை பாதி. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அதே மொழியைப் பேசி, அதே தெய்வங்களைக் கும்பிட்டு, அதே சோதினையை எழுதிய வன்னியிலும் மட்டக்களப்பிலும் இந்தப் போட்டி யாழ்ப்பாணத்தின் அளவுக்கு முற்றவில்லை. ஆனையிறவைத் தாண்டியதும் இரத்தம் மாறிவிடுகிறதா?

முதற் காரணம் நிலம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்த மெல்லிய மண், துலா மிதித்து இறைத்த கிணற்றுத் தண்ணீர், அதில் விளைந்த புகையிலை. இவ்வளவுதான் எமது முதல். வன்னியில் குளமும் வயலும் இருந்தன, அங்கே ஏக்கர்க் கணக்கில் பேசினார்கள். நாம் பரப்புக் கணக்கில் பேசினோம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். அரைப் பரப்பு எல்லைக்காக, வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டதற்காக, இரண்டு தலைமுறை வழக்காடிய குடும்பங்களை நாமெல்லோரும் அறிவோம்.

அந்தச் சிறு நிலத்தையும் எமது வழமை துண்டாக்கிக்கொண்டே வந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்து முடித்த தேசவழமை, தாயின் சீதனம் மகளுக்குச் சீதனமாகவும் தகப்பனின் முதுசம் மகன்மாருக்கும் போவதைப் பதிவு செய்கிறது. பெண்ணுக்குக் காணியும் வீடும் கொடுத்து முடித்தபின் மகனுக்கு மிஞ்சுவது சொற்பம். எனவே மகன் உத்தியோகம் பார்க்க வேண்டும். உத்தியோகம் பார்த்தால் நல்ல சீதனம் வரும். அதைக் கொண்டு தங்கச்சியைக் கரைசேர்க்கலாம். ஒரு பையனின் சோதினை முடிவு அவனுடைய முடிவு மட்டுமல்ல, வீட்டிலிருக்கும் குமர்ப்பிள்ளைகளின் முடிவும் அதுதான். இப்படியொரு பாரத்தைத் தலையிலேற்றிவிட்டு, பிள்ளை நிதானமாக ஓட வேண்டுமென்று யார் எதிர்பார்க்க முடியும்?

நோர்வேயிலும் நிலம் குறைவு, பாறை அதிகம். ஆனால் இங்குள்ள ஓடல் உரிமைப்படி பண்ணை துண்டாக்கப்படாமல் ஒருவர் கைக்குப் போகும். நீண்டகாலம் மூத்த மகனுக்கே முன்னுரிமை. மற்றவர்கள் கடலுக்குப் போனார்கள், அமெரிக்காவுக்குப் போனார்கள். 1825 இலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் எட்டு லட்சம் பேர்வரை போய்விட்டார்கள். போட்டியிட வேண்டியவர்களில் ஒரு பெரும் பகுதி கப்பலேறிப் போய்விட்டது என்றே சொல்லலாம்.

யாழ்ப்பாணத்தில் வந்த கப்பல் வேறு. 1816 இல் அமெரிக்க மிசனரிமார் வந்திறங்கினார்கள். 1823 இல் வட்டுக்கோட்டை செமினரி, 1824 இல் உடுவில் பெண்கள் பாடசாலை. வெஸ்லியன் மிசனும் சேர்ச் மிசனும் கத்தோலிக்கரும் சும்மா இருக்கவில்லை. 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். ஆன்மாக்களுக்காக நடந்த போட்டியில், இலங்கையின் வேறெந்த மூலையிலும் இல்லாத அளவுக்கு அந்தச் சிறு குடாநாட்டில் பள்ளிக்கூடங்கள் முளைத்தன. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் தன் முதற் பட்டதாரிகளை வெளியிட்டபோது அந்த இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்: கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். இந்தச் செய்தியை எங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம் கேட்டிருப்போம்! அந்த இருவருக்குப் பின்னால் நின்ற பெரிய வரிசை எங்கே போனது என்று எவரும் சொல்லித் தரவில்லை.

அது கந்தோருக்குப் போனது. கொழும்புக்கும், பிறகு மலாயாவின் றெயில்வேக்கும். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்ற பழமொழி பிறந்தது அக்காலத்து மண்ணில்தான். அரசாங்கம் ஒன்று, சோதினை ஒன்று, வாசல் ஒன்று. வியாபாரத்தில் இரண்டு கடைக்காரரும் பிழைக்கலாம். கிளாக்கர் வேலை ஒருவனுக்குக் கிடைத்தால் மற்றவனுக்கு இல்லை. கொரியாவிலும் இதே கதைதான். அரச உத்தியோகத்துக்கான பழைய சோதினையை அங்கே 1894 இல் ஒழித்தார்கள். ஆனால் இன்றும் பல்கலைக்கழகச் சோதினை நாளில் ஆங்கிலம் கேட்டு விடையெழுதும் நேரத்தில் விமானங்களைப் பறக்கவிடுவதில்லை. சோதினை ஒழிந்தாலும் வாசல் ஒடுங்கியபடியே இருந்துவிட்டது.

வாசலில் காவலும் இருந்தது. உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர வேண்டுமென்று 1929 இல் உத்தரவு வந்தபோது, குடாநாட்டில் பள்ளிக்கூடங்கள் எரிந்தன. கல்வியைக் கண்ணாகப் போற்றிய சமூகம் என்று நாம் மேடைகளில் முழங்கும்போது இந்தச் சாம்பலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏணியில் ஏறுபவனுக்கு மேலே போவது மட்டும் போதவில்லை, கீழே நிற்பவன் கீழேயே நிற்கவும் வேண்டியிருந்தது.

பிறகு 1971. மருத்துவத்துக்குத் தமிழில் எழுதியவர்களுக்கு 250 புள்ளி, சிங்களத்தில் எழுதியவர்களுக்கு 229. என் அண்ணன் அந்த ஆண்டு எடுத்தது 236. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஐயா ஒரு மாதத்துக்கு மேல் சந்திப் பக்கம் போகவில்லை. இந்த அநியாயத்தை நினைத்துத்தான் மனிதர் முடங்கிப்போனார் என்று பல வருடம் எண்ணியிருந்தேன். அரசியல் கூட்டங்களில் அப்படிப் பேசியுமிருக்கிறேன். அம்மாதான் சாகுமுன் சொன்னா: பக்கத்து ஒழுங்கையில் ஒரு பொடியன் 250ஐத் தாண்டியிருந்தான். ஐயாவுக்கு அந்தத் தகப்பனின் முகத்தில் முழிக்க ஏலாமல் இருந்ததாம். அரசு செய்த அநீதி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, அயலவனுக்கு முன்னால் பட்ட வெட்கமாக.

1974 இல் மாவட்டக் கோட்டா வந்தது. மன்னார், வவுனியா, மட்டக்களப்புப் பிள்ளைகள் சிலருக்கு முதல் முறையாகக் கதவு திறந்தது. அவர்களும் தமிழர்கள்தான். யாழ்ப்பாணத்தில் அதற்காக மகிழ்ந்த ஒருவரையும் நான் காணவில்லை. மாறாக, தங்கள் பிள்ளைகளின் பெயரை வன்னிப் பள்ளிக்கூடங்களில் பதிய ஓடிய பெற்றோரைக் கண்டேன்.

இனி இந்த நாடு. இங்கே வந்த புதிதில் எல்லோரும் எமக்குச் சொல்லித் தந்தது யான்தே சட்டம். அது உண்மையான சட்டமல்ல. டென்மார்க்கில் பிறந்து 1930 இல் நோர்வேக்கு வந்த அக்செல் சண்டமோசெ 1933 இல் எழுதிய நாவலில் வரும் பத்துக் கட்டளைகள். தலை நீட்டுபவனை ஊர் விட்டுவைக்காது என்பதே அவற்றின் சாரம். இன்று இதை நோர்வேஜியரின் பணிவுக்கு அடையாளமாக நம்மவர் மேற்கோள் காட்டுகிறார்கள். சண்டமோசெ எழுதியதோ கசப்போடு, தான் பிறந்த சிறு நகரத்தின் மூச்சுத்திணறலைப் பற்றி. அங்கேயும் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எமது ஊர்க்கண் "நீ ஏன் அவனைப் போல இல்லை?" என்று கேட்டது. அவர்களது ஊர்க்கண் "நீ ஏன் எங்களைப் போல இல்லை?" என்று கேட்டது.

எனவே மனப்பான்மையை மட்டும் வைத்து எதையும் விளக்க முடியாது. 1935 இல் தொழிற்சங்கமும் முதலாளிகளும் செய்துகொண்ட அடிப்படை ஒப்பந்தமும், அதன்பின் வளர்ந்த கூட்டுச் சம்பளப் பேச்சுகளும் ஏணியின் படிகளை நெருக்கமாக வைத்தன. பஸ் ஓட்டுபவரும் வீடு வாங்கலாம். அவர் மகளுக்குச் சீதனம் தேட வேண்டியதில்லை. விழுந்தால் எலும்பு முறியாது என்று தெரிந்தவன் ஏன் பக்கத்தவனைத் தள்ளிவிட்டு ஏறப்போகிறான்? (ஒருவர் எவ்வளவு வருமானம் காட்டி எவ்வளவு வரி கட்டினார் என்பதை இங்கே யாரும் பார்க்கலாம். 2014 முதல், பார்த்தவர் யாரென்பது பார்க்கப்பட்டவருக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் இதற்கெல்லாம் தேவையே இருக்கவில்லை.)

நாம் இங்கே ஏணியை மாற்றிக்கொண்டோம், ஏறும் விதத்தை மாற்றவில்லை. சனி ஞாயிறில் ரியூசன், மண்டபத்தில் அரங்கேற்றம், யாருடைய மகள் மருத்துவம், யாருடைய மகன் வெறும் தச்சன். இந்நாட்டில் தச்சன் நன்றாகவே உழைக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்தும்.

அண்ணன் முப்பத்தைந்து வருடம் பாரிசில் உணவகச் சமையலறைகளில் நின்றுவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். பிறந்தநாள் விழாவில் நடந்ததைச் சொன்னேன். இருபத்துநான்கு பேர் என்ற பதிலைக் கேட்டு வெகுநேரம் சிரித்தான். சிரித்து முடித்ததும், "அடுத்த வருசம் எட்டு எல்லே? அப்ப புள்ளி வரும்தானே?" என்று கேட்டான்.

வரும் என்றேன்.