சிசேரியன் பிரசவம்: ஆபத்துகளும் பின்விளைவுகளும்

வயிற்றையும் கருப்பையையும் கீறிக் குழந்தையை வெளியே எடுக்கும் அறுவை சிகிச்சை சிசேரியன். தமிழ்நாட்டில் 2015–16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 34.1 விழுக்காடாக இருந்த இப்பிரசவங்கள், 2019–21 கணக்கெடுப்பில் 44.9 விழுக்காடாயின. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்தாலோ இதுவே உயிர் காக்கும் வழி. நல்ல நேரம் பார்த்துச் செய்துகொள்வதற்கு அந்த நியாயம் இல்லை.

உடனடி ஆபத்துகளில் முதன்மையானது ரத்தப்போக்கு. ரத்தசோகை உள்ள தாய்க்கு அது விரைவில் விபரீதமாகும். தையலிலோ கருப்பையிலோ சீழ் பிடிக்கலாம். கீறுவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் போடுவது இதைக் குறைக்கிறது. காலில் உறையும் ரத்தக்கட்டி நுரையீரலை அடைக்கக்கூடும் என்பதால்தான் வலித்தாலும் சீக்கிரம் எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். சிறுநீர்ப்பையில் காயம் அரிது. முதுகில் போடும் மயக்க ஊசியால் சிலருக்கு உட்கார்ந்தால் கூடி, படுத்தால் தணியும் தலைவலி வரும். ஆயுள் முழுக்க முதுகுவலி என்ற பழிக்கு ஆதாரமில்லை. வலி எடுக்குமுன், 39 வாரம் நிறையாமல் எடுத்த குழந்தைக்கு மூச்சிரைப்பு வர வாய்ப்பு அதிகம்.

பெரிய ஆபத்து அடுத்த கர்ப்பத்தில் காத்திருக்கிறது. பழைய தழும்பின்மேல் நஞ்சுக்கொடி வேரோடினால் பிரசவத்தின்போது அது பிரியாது. கருப்பையையே அகற்ற நேரலாம். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருந்த பெண்களில் முதல் சிசேரியனின்போது 3 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40 விழுக்காட்டினருக்கும் இப்படி ஒட்டியிருந்தது. பிரசவ வலியின்போது தழும்பு கிழிவதும் உண்டு. கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறியிருந்தால் அது சுமார் 200இல் ஒருவருக்கே. மேல்பகுதியில் நெடுக்காகக் கீறியிருந்தால் பல மடங்கு.

உள்ளே எப்படிக் கீறினார்கள் என்பதை வெளித் தையல் காட்டாது. டிஸ்சார்ஜ் சீட்டில்தான் இருக்கும். 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்த வேலம்பாளையம் போன்ற பனியன் கம்பெனிப் பகுதிகளில் இது சில்லறை விஷயமல்ல. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓவர்லாக், செக்கிங் வேலை பார்ப்பவர்களில் ஒரு பிரசவம் சொந்த ஊரிலும் மறுபிரசவம் இங்குமாக அமைபவர்கள் உண்டு. சீட்டு அங்கேயே தங்கிவிட்டால், புதிய மருத்துவர் எச்சரிக்கையாக மறுபடி ஆபரேஷனையே தேர்ந்தெடுப்பார். தழும்பும் ஒன்று கூடும்.

வேலைக்குத் திரும்புவதிலும் அவசரம் கூடாது. தகுதியுள்ள இஎஸ்ஐ தொழிலாளிக்கு முதல் இரு குழந்தைகளுக்குத் தலா 26 வாரச் சம்பளப் பலன் உண்டு. பிரசவத்தால் உடல்நலம் கெட்டால் மருத்துவச் சான்றின்பேரில் மேலும் ஒரு மாதம் வரை கிடைக்கும்.