நெடுந்தூர ஓட்டம்: மரபணுவும் மூலிகையும்

நெடுந்தூர ஓட்டக்காரருக்கு உடலின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடே பெரும் மூலதனம். ‘ஹெரிட்டேஜ்’ குடும்ப ஆய்வில் அனைவருக்கும் ஒரே விதமான 20 வாரப் பயிற்சி தரப்பட்டது. சிலருக்கு இத்திறன் வெகுவாகக் கூடியது, சிலருக்கு ஏறக்குறைய அசையவே இல்லை. இவ்வேறுபாட்டில் சுமார் 47 சதவீதம் வரை குடும்பவழி வந்ததாக மதிப்பிட்டனர். ஆயினும் ஒற்றை மரபணுவைப் பார்த்து வெற்றியாளரைக் கணிக்க முடியாது.

மூலிகை என்றதும் நினைவுக்கு வருவது சீனா. 1993 செப்டம்பரில் பெய்ஜிங்கில் சீன வீராங்கனை வாங் ஜுன்சியா 10,000 மீட்டரை 29 நிமிடம் 31.78 விநாடியில் ஓடி, பெண்களுக்கான பழைய உலக சாதனையிலிருந்து சுமார் 42 விநாடியைக் குறைத்தார். அவருடைய பயிற்சியாளர் மா ஜுன்ரென் இதற்குக் காட்டிய காரணங்கள்: ஆமை ரத்தம், திபெத் மேட்டுநிலத்தில் அந்துப்பூச்சிப் புழுவின் உடலைத் துளைத்து முளைக்கும் கார்டிசெப்ஸ் பூஞ்சை. இவ்விளக்கத்தை நம்புவது கடினம். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முன் ரத்தப் பரிசோதனை முடிவுகள் ஐயத்தைக் கிளப்ப, மா ஜுன்ரெனின் ஓட்டக்காரர்கள் பலர் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களிடம் நடந்த சோதனைகளிலும் கார்டிசெப்ஸ் பலன் தரவில்லை.