மூத்த திருப்பதிகமும் பண்ணிசையும்

பினாங்குத் தண்ணீர்மலையிலும் ஜார்ஜ்டவுன் நகரக் கோயில்களிலும் தேவாரம் கேட்டுப் பழகியோர், பண்ணமைந்த பதிகம் ஞானசம்பந்தரிடத்தே தொடங்கிற்று என எண்ணுதல் இயல்பு. அவருக்கு முன்னரே அந்நெறியைக் கண்டவர் காரைக்கால் அம்மையார். அவர் காலம் கி.பி. 6ஆம் நூற்றாண்டு என்பர் அறிஞர் பலர். அவர் நூல்கள் பதினோராம் திருமுறையில் தொகுக்கப்பட்டமையால் அவரைப் பிற்காலத்தவர் என மயங்குவாரும் உளர். ‘திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம்’ என்னும் பெயரே அம்மயக்கத்தைத் தீர்க்கும்; தேவாரப் பதிகங்களுக்கு மூத்தது என்பதே அதன் பொருள்.

அம்மையார் பாடிய அற்புதத் திருவந்தாதியும் திருவிரட்டை மணிமாலையும் பண்வகுப்பில் அடங்கா. மூத்த திருப்பதிகங்கள் இரண்டுக்கோ பண் உண்டு. ஒன்று நட்டபாடை, மற்றொன்று இந்தளம். சம்பந்தர் பாடல்களுள் முதல் திருமுறை நட்டபாடையில் தொடங்குகின்றது. இரண்டாம் திருமுறை இந்தளத்தில் தொடங்குகின்றது. இவ்வொற்றுமை பண்ணடைவு வகுத்தோர் செயலாகவும் இருக்கலாம். எனினும், பாடியவர் பெயரை இறுதிப் பாட்டில் பொறிக்கும் திருக்கடைக்காப்பு முறையும் அம்மையாரிடமே முன்னர்க் காணப்படுதலின், பிற்காலப் பதிகங்களுக்கு அவர் வழிகாட்டி என்பதில் ஐயமில்லை. அம்மையார் தலையால் நடந்த ஆலங்காட்டை மிதிக்கச் சம்பந்தர் அஞ்சினார் எனச் சேக்கிழார் கூறுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

அம்மையாரின் இசைப்புலமைக்கு அவர் பாட்டே சான்று. துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையுள் ஆறனை ஒரே பாடலில் பெயர் சுட்டுகின்றார். வீணை, மத்தளம், குடமுழா, மொந்தை, கொக்கரை முதலிய கருவிகளும் அங்கேயே முழங்குகின்றன. சுடுகாட்டுப் பேய்க்கூத்தின் நடுவே இத்துணை இசைக் குறியீடுகளை அடுக்குதல் இசையறியாதார்க்கு இயலாது. சிற்பியரும் இதனை உணர்ந்திருந்தனர். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள 13ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனியில் அம்மையார் கைத்தாளத்துடன் அமர்ந்துள்ளார். கடல் கடந்த கம்போசத்திலும், கி.பி. 967இல் எழுந்த பந்தியாய் ஸ்ரெய் கோயிலில், ஆடும் சிவன் அடியில் காணப்படும் உருவம் அவருடையதே என்பர்.

அம்மையார் பாடிய மெட்டு அப்படியே நம்மிடம் வந்ததன்று. பண்ணின் பெயரே வந்தது. நட்டபாடையைக் கம்பீரநாட்டையிலும் இந்தளத்தை மாயாமாளவகௌளையிலும் இன்று ஓதுவார் பாடுகின்றனர். ஆதலின் புதிய இசையமைப்புக்கு இடம் நிறைய உண்டு. மலேசியத் திருமுறை ஓதும் போட்டிகளுக்குச் சிறுவரைப் பழக்கும் பினாங்கு ஆசிரியர், இசைப்பெயர் அடுக்கிய அப்பாடலிலிருந்தே தொடங்கலாம். பாட்டுடன் பழந்தமிழ்ச் சுரப்பெயர்களும் பிள்ளைகள் நாவில் பதியும்.