படுக்கையும் நடையும்: முதுகுவலிச் சிகிச்சையின் வரலாறு

முதுகுவலியை அறியாத குடும்பம் அரிது. அவ்வலி வந்தவுடன் வீட்டில் எழும் முதற்கேள்வி, படுத்துக் கிடப்பதா, எழுந்து நடமாடுவதா என்பதே. சொந்த ஊரில் தாயும் தமக்கையும் அருகிருந்து கவனிக்கப் பத்து நாள் படுத்துவிடலாம். உத்தியோகத்தின் பொருட்டு மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ தனிக்குடித்தனம் செய்யும் நம்மவருக்கு, படுக்கும் ஒவ்வொரு நாளும் சம்பளத்தைத் தொடும். ஆகவே இக்கேள்விக்கு மருத்துவம் கண்ட விடையை அறிந்திருப்பது நமக்குப் பயன் தரும். அவ்விடை கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

1862-ஆம் ஆண்டில் எகிப்தின் லக்ஸர் நகரில் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் பழைய பாப்பிரஸ் ஏடு ஒன்றை விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ கி.மு. 1600-இல் எழுதப்பட்ட அவ்வேடு, அடிபட்ட நோயாளிகளைச் சோதித்துச் சிகிச்சை செய்யும் முறையை 48 பகுதிகளில் கூறுகிறது. கடைசிப் பகுதி முதுகெலும்பில் சுளுக்குக் கண்டவனைப் பற்றியது. கால்களை நீட்டி மடக்குமாறு வைத்தியர் சொல்கிறார். நீட்டியவன் வலி பொறாமல் உடனே மடக்கிக்கொள்கிறான். அவனை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்று தொடங்கும் சிகிச்சை முறை, முடிவதற்குள் எழுதியவனின் கை நின்றுவிட்டது. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய முதுகுவலிச் சிகிச்சைக் குறிப்புகளுள் ஒன்று, நோயாளியைப் படுக்க வைத்ததோடு நின்றுவிடுகிறது.

ஆயினும், பல வாரம் படுத்திருப்பதே சிகிச்சை என்ற கொள்கை வலுப்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். லண்டன் கைஸ் மருத்துவமனையின் அறுவை வைத்தியர் ஜான் ஹில்டன், வலி என்பது ஓய்வு வேண்டி உடல் விடுக்கும் அழைப்பு என்று விளக்கி 1863-இல் நூல் வெளியிட்டார். லிவர்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ், நோயுற்ற மூட்டை இடைவிடாது நெடுநாள் அசையாமல் வைத்தலே சிறந்தது என்று போதித்தார். முறிந்த எலும்புக்கு இது பொருந்திய அறிவுரை. தாமஸின் பெயரால் வழங்கும் கட்டு, முதல் உலகப்போரில் தொடையெலும்பு முறிந்த வீரர் பலரின் உயிரைக் காத்தது. முறிவுக்கு உதவிய அதே விதியை, முறிவே இல்லாத முதுகுக்கும் வைத்தியர்கள் பிரயோகித்தனர்.

அக்காலத்தில் ரயில் வண்டிகள் பெருகின, விபத்துகளும் பெருகின. விபத்தின் அதிர்ச்சி தண்டுவடத்தையே கெடுக்கிறது என்று எரிக்சன் என்ற அறுவை வைத்தியர் 1866-இல் எழுதினார். நஷ்டஈட்டு வழக்குகளில் அவர் கருத்து அடிக்கடி மேற்கோளாயிற்று. பலருக்குத் தண்டுவடத்தில் சேதமில்லை, அச்சமே அவர்களை முடக்குகிறது என்று ஹெர்பர்ட் பேஜ் 1883-இல் மறுத்தார். அவர் ரயில்வே கம்பெனி ஒன்றின் அறுவை வைத்தியர் என்பதையும் இங்கே மறத்தலாகாது. எனினும், வலியோடு அச்சமும் சேர்ந்து மனிதனை முடக்கக்கூடும் என்ற எண்ணம் மருத்துவத்தில் நிலைத்தது.

1934-இல் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டர், பார் என்னும் இருவர், முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த ‘டிஸ்க்’ என்னும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலில் இறங்கும் கடும் வலி உண்டாவதை நிறுவினர். இது மெய்யான முன்னேற்றம். ஆனால் அதன்பின் சாதாரண முதுகுவலிக்கும் வட்டின்மேல் பழி விழுந்தது. ‘வட்டு விலகிவிட்டது, அசையாதீர்’ என்ற எச்சரிக்கையும் வாரக்கணக்கான படுக்கையும் வழக்கமாயின.

ஓய்வுக் கொள்கை முதலில் ஆட்டம் கண்டது காசநோய்ச் சிகிச்சையில். அதில் நம் சென்னைக்கும் பங்குண்டு. 1956-இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு நிலையம், நுரையீரல் காசம் கண்ட ஏழை நோயாளிகளுள் ஒரு சாராரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு சாராரை அவரவர் வீட்டிலேயே இருக்கச் செய்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்தது. படுக்கையும் நல்லுணவும் பெற்றவர்களைப் போலவே வீட்டிலிருந்தோரும் குணமடைந்தனர் என்பது 1959-இல் வெளியாயிற்று. கொரியாவின் மாசான் நகரில் முதுகெலும்புக் காசத்துக்கும் இத்தகைய சோதனை நடந்தது. மருந்து உண்டுகொண்டே நடமாடியவர்களைவிட, மருத்துவமனையில் ஆறு மாதம் படுத்திருந்தவர்கள் அதிக நன்மை பெறவில்லை என்று 1973-இல் அறிவித்தனர்.

அடுத்துச் சாதாரண முதுகுவலியின் முறை வந்தது. 1986-இல் அமெரிக்காவில் 203 நோயாளிகளுள் ஒரு பாதியினருக்கு இரண்டு நாள் ஓய்வும் மறுபாதியினருக்கு ஏழு நாள் ஓய்வும் விதித்தனர். வலி தணிந்ததில் வேற்றுமையில்லை. குறைவாகப் படுக்கச் சொல்லப்பட்டவர்கள் வேலைக்கு வராத நாட்களோ 45 சதவிகிதம் குறைவு. 1995-இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர் 186 பேரிடம் நடந்த ஆய்வில், இயன்ற அளவு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்கள் மற்றவர்களைவிட விரைவில் தேறினர். படுத்திருந்தோர் கடைசியாகத் தேறினர். இடையில், 1994-இல், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தபோது நூற்றுக்கு 52 பேரின் வட்டு புடைத்திருந்தது. ஆகவே, படத்தில் புடைப்புத் தெரிவதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்ட இயலாது.

இதன் காரணம் விளங்கக்கூடியதே. பத்தில் ஒன்பது பேரின் முதுகுவலியில் முறிவோ நோய்க்கிருமியோ காணப்படுவதில்லை. படுத்தே கிடந்தால் தசைகள் தளர்கின்றன, மூட்டுகள் இறுகுகின்றன, அச்சமும் வளர்கிறது. வலி இருப்பதனால் முதுகு சேதமடைந்துகொண்டிருக்கிறது என்று பொருளாகாது.

எனினும் சில அறிகுறிகளை அலட்சியம் செய்தல் கூடாது. சிறுநீர், மலம் அடைபடுதலோ கட்டுப்பாடின்றிக் கழிதலோ, தொடையிடுக்கில் மரமரப்போ, கால் வலுவிழத்தலோ கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் வந்திருத்தல், விழுந்து அடிபட்டிருத்தல் ஆகியவற்றோடு வரும் வலியையும் தாமதியாது மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதுகெலும்புக் காசம் நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. வேற்றுமொழி மருத்துவரிடம் ‘இடுப்பு’, ‘முதுகு’ என்று சொல் தேடித் தடுமாறுவதைவிட, வலிக்கும் இடத்தைக் கையால் தொட்டுக் காட்டி, அது காலில் எதுவரை இறங்குகிறது என்பதையும் காட்டுவது நலம்.

வருமுன் காப்பதற்கும் வழி உண்டு. முதுகுவலியிலிருந்து அண்மையில் தேறிய 701 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024-இல் வெளியாயிற்று. படிப்படியாக நடைப் பயிற்சியை மேற்கொண்டவர்களுக்கு வலி திரும்ப வரும் இடைக்காலம் நடுத்தரமாக 208 நாள். மேற்கொள்ளாதவர்களுக்கு 112 நாள். நாட்பட்ட முதுகுவலிக்கு இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கையாள வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியுள்ளது.

எனவே, நேயர்களே, மேற்சொன்ன அபாயக் குறிகள் இல்லாத முதுகுவலி வந்தால், தாங்க முடியாத ஓரிரு நாள் சற்றுப் படுத்திருப்பதில் குற்றமில்லை. பிறகு மெல்ல எழுந்து, வீட்டுக்குள் நடந்து, தெருமுனைவரை சென்று, இயன்ற வேலையைத் தொடங்குங்கள். கவனித்துக்கொள்ள உறவினர் அருகில் இல்லையே என்று வருந்துவோருக்கு இச்செய்தி சிறிது ஆறுதல் தரும்: குணமடையத் தேவையானவற்றுள் பெரும்பகுதி உங்கள் கால்களிலேயே இருக்கிறது.