சல்யூட் அடிக்காத சைக்கிள்காரர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் கிளப் ஆட்கள் பத்துப் பதினைந்து வண்டிகளில் கிளம்பி, ஊருக்கு வெளியே மரத்தடியில் விரிப்பை விரித்து, கட்டிக்கொண்டு போனதைச் சாப்பிட்டு, சாயங்காலம் வீடு திரும்புவார்கள். இன்றைக்கு இது ரொம்பச் சாதுவான பொழுதுபோக்கு. ஆனால் 1905 வாக்கில், லண்டனிலிருந்து தெற்கே கடற்கரை ஊரான பிரைட்டனுக்குப் போகும் சாலையில் இது அவ்வளவு சாதுவாக இல்லை. புதரில் போலீஸ், கிராமத்து ஜனங்களின் கோபம், ஹைகோர்ட் வரை போன வழக்கு என்று எல்லாம் இருந்தது. நடுவில் சைக்கிளில் ஒரு ஆள். அவர் சல்யூட் அடித்தாரா இல்லையா என்பதுதான் இந்தக் கதை.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1865-ல் பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. தானாக ஓடும் வண்டி எதுவானாலும் கிராமப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் வேகம்தான். முன்னால் 60 கஜ தூரத்தில் ஒருத்தர் சிவப்புக் கொடியோடு நடக்க வேண்டும். நீராவி இன்ஜின்களை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. 1878-லேயே கொடிக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். முன்னால் ஆள் நடப்பது மட்டும் தொடர்ந்தது. 1896 நவம்பர் 14-ம் தேதி புதுச் சட்டம் அமலுக்கு வந்ததும் அதுவும் போனது. அன்றைக்கே 'மோட்டார் கார் கிளப்' லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஊர்வலம் நடத்தியது. கிளம்பும் முன் நடந்த விருந்தில் விஞ்சில்ஸி பிரபு ஒரு சிவப்புக் கொடியைக் கிழித்தார். சட்டப்படி பார்த்தால், செத்து 18 வருஷமான கொடியைத்தான் கிழித்திருக்கிறார். இருந்தாலும் படமாக மனதில் நிற்கிறதே, அது போதும் அவர்களுக்கு.

அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவர்கள் யார் என்பதும் முக்கியம். 1900 ஏப்ரலில் இன்னொரு கிளப் நடத்திய ஆயிரம் மைல் ஓட்டத்தில் 65 வண்டிகள் கலந்துகொண்டன. நாடு முழுக்க ஜனங்களுக்குக் காரைக் காட்டுவதுதான் நோக்கம். முதல் நாள் காலைச் சாப்பாடு, 'டெய்லி மெயில்' பத்திரிகை முதலாளி ஹார்ம்ஸ்வொர்த்தின் மாளிகையில். பணக்காரர்களின் விளையாட்டாகத்தான் அது ஆரம்பித்தது.

பிக்னிக் சாப்பாடும் லேசுப்பட்டது இல்லை. பீட்டன் அம்மையார் 1861-ல் வெளியிட்ட புகழ்பெற்ற வீட்டு நிர்வாகப் புத்தகத்தில் 40 பேர் பிக்னிக்குக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் வறுத்த கோழி 4, வாத்து 2, சிங்கி இறால் 6, லெட்டூஸ் கீரை 18 என்று போய்க்கொண்டே இருக்கும். குதிரை வண்டிக் காலத்துப் பட்டியல் இது. கார் வந்தபோது பிரம்புக் கூடையும் கூடவே வந்தது. ஸ்வீடனின் பிரைமஸ் ஸ்டவ், ஜெர்மனியில் 1904-ல் விற்பனைக்கு வந்த தெர்மாஸ் என்று புதுச் சாமான்களும் மெல்லச் சேர்ந்தன.

சரி, போலீஸ் எங்கே வந்தது?

1903-ல் வந்த சட்டம் வேக வரம்பை மணிக்கு 20 மைல் (சுமார் 32 கி.மீ.) என்று வைத்தது. நம்பர் பிளேட்டும் அப்போதுதான் கட்டாயமானது. வேகத்தை அளக்க ரேடார் எல்லாம் கிடையாது. சாலையில் ஒரு தூரத்தை அளந்து வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள் வேலிப்புதரில் ஒளிந்துகொள்வார்கள். கையில் ஸ்டாப்வாட்ச். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூரம் ஒரு ஃபர்லாங், அதாவது சுமார் 200 மீட்டர் என்று வையுங்க. 20 மைல் வேகத்தில் அதைக் கடக்க 22.5 விநாடி. வாட்சை அழுத்துவதில் இரண்டு விநாடி பிசகினால், சரியான வேகத்தில் போனவர் கணக்கில் சுமார் 22 மைலில் போனவராகிவிடுவார். முதல் குற்றத்துக்கு 10 பவுண்டு வரை அபராதம். பண்ணைக் கூலியாளின் வாரக் கூலி ஒரு பவுண்டைத் தொடாத காலம் அது.

கார்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? பந்தய ஓட்டுநர் சார்லஸ் ஜாரட் போன்றவர்கள் சேர்ந்து, வார இறுதிகளில் பிரைட்டன் சாலையில் சைக்கிள் ஆட்களை நிறுத்தினார்கள். பொறி எங்கே இருக்கிறது என்று பார்த்து, வரும் வண்டிகளை எச்சரிப்பதுதான் வேலை. 1905 ஜூனில் இது 'ஆட்டோமொபைல் அசோசியேஷன்' என்ற முறையான சங்கமானது. இன்றைக்கு வழியில் வண்டி நின்றால் உதவிக்கு வரும் 'ஏ.ஏ.' பிறந்தது, போலீஸ் பொறியைக் காட்டிக்கொடுக்கத்தான்!

போலீஸ் வழக்குப் போட்டது. முதலில் வந்த 'பாஸ்டபிள் எதிர் லிட்டில்' வழக்கில் எச்சரித்தவர் தப்பித்தார். எச்சரிக்கப்பட்ட வண்டிகள் அப்போது வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தன என்பதற்கு ஆதாரம் இல்லை. குற்றமே நடக்காதபோது, போலீஸ் வேலையைத் தடுத்ததாக எப்படிச் சொல்வது? அடுத்தது 'பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ்' வழக்கு. இதில் வண்டிகள் ஏற்கெனவே வரம்பு மீறி வந்துகொண்டிருந்தன. எச்சரித்ததும் வேகத்தைக் குறைத்தன. ஆக, நடந்துகொண்டிருந்த குற்றத்தின் சாட்சியத்தையே சைக்கிள்காரர் கலைத்துவிட்டார் என்று ஆனது. பெட்ஸ் குற்றவாளிதான் என்பது உறுதியானது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். தண்டனை வாங்கியவர் சம்பளத்துக்குச் சைக்கிள் மிதித்தவர். காரில் உட்கார்ந்து வேகமாக வந்தவருக்கு அந்த வழக்கில் ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு சங்கம் கண்டுபிடித்ததுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்த விஷயம். உறுப்பினரின் காரில் சங்கத்தின் பேட்ஜ் இருக்கும். அதைப் பார்த்தால் ரோந்துக்காரர் சல்யூட் அடிப்பார். இது மரியாதை, இதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு ரோந்துக்காரர் சல்யூட் அடிக்காவிட்டால், வண்டியை நிறுத்தி ஏன் என்று கேட்க வேண்டும் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லி வைத்தார்கள். அவ்வளவுதான். முன்னால் பொறி இருந்தால் அவர் கையைத் தூக்க மாட்டார். சல்யூட் அடிக்கவில்லை என்று ஒரு மனுஷனை எந்தக் கோர்ட் தண்டிக்கும்?

எங்கள் தொழிலில் இதற்கு நேரான ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு சர்வர் சில விநாடிக்கு ஒருமுறை 'உயிரோடு இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால்தான் செய்தி. ஹார்ட்பீட் என்போம். பெட்ஸ் தோற்ற வழக்கிலிருந்து அதே தர்க்கத்தைக் காக்கி உடுப்பும் சைக்கிளுமாகக் கட்டிவிட்டார்கள். பொறிக்காகப் பிறந்த இந்தச் சல்யூட் வழக்கம் 1960-களின் தொடக்கம் வரை நீடித்தது.

புத்திசாலித்தனத்தை ரசிக்கலாம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கமும் போய்ப் பார்க்கணும். அன்றைய சாலைகள் ஜல்லியைக் கொட்டி, கல்தூளால் இறுக்கியவை. குதிரை வண்டிக்கு அது போதும். வேகமாகப் போகும் ரப்பர் டயரோ அந்தத் தூளை மேலே கிளப்பிவிடும். காரில் இருந்தவர்களுக்குக் கண்ணாடி, மேல்கோட்டு, முகத்திரை இருந்தன. சாலையோர வீட்டுக்காரிக்குக் காயப்போட்ட துணியும், தோட்டத்துக் காய்கறியும், குழந்தையின் மூச்சும்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக வாசலில் உட்கார முடியாது. அதற்கு மேல், அந்தச் சாலையைப் பராமரிக்கும் செலவில் பெரும்பங்கு உள்ளூர் வரியிலிருந்து போனது. லண்டன்காரர் பிக்னிக் போக, கிராமத்துக்காரர் காசு கொடுத்துத் தூசி தின்றார் என்று சொல்லலாம்.

அப்படிப் பார்த்தால், புதருக்குள் ஒளிந்திருந்த போலீஸ்காரரும் வெறும் வில்லன் இல்லை. அந்தக் கிராமங்களிடம் இருந்த ஒரே ஆயுதம் அவர்தான்.

பிரச்சினையைத் தீர்த்தது பொறியும் இல்லை, சல்யூட்டும் இல்லை. தாரும் வரியும்தான். எட்கர் ஹூலி என்ற பொறியாளர் 1902-ல் 'டார்மாக்' கலவைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். 1909 பட்ஜெட்டில் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ், பெட்ரோலுக்குக் கேலனுக்கு 3 பென்ஸ் வரி போட்டார். அந்தப் பணம் சாலை மேம்பாட்டுக்கு என்று ஒதுக்கப்பட்டது. ஓட்டுகிறவர் காசு கொடுக்கிறார், தூசி அடங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாலைகள் கறுப்பாயின. கோபமும் தணிந்தது.

இப்போது வருஷா வருஷம் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, 1905-க்கு முந்தைய கார்கள் லண்டன் ஹைட் பார்க்கில் விடியும்போது கிளம்பிப் பிரைட்டன் போகின்றன. வழிநெடுக ஜனங்கள் குளிரில் நின்று கையசைக்கிறார்கள். அதே சாலை, அதே மாதிரி வண்டிகள். அவர்களின் கொள்ளுத்தாத்தாக்கள் ஜன்னலைச் சாத்தியிருப்பார்கள்.

நம் போனில் இருக்கும் வழிகாட்டி ஆப், 'முன்னால் ஸ்பீடு கேமரா' என்று சொல்கிறதே, அது அந்தச் சைக்கிள்காரரின் வாரிசுதான். பெட்ஸை விட அதற்கு அதிர்ஷ்டம் அதிகம். அடுத்த முறை அது சொல்லி வேகத்தைக் குறைக்கும்போது, சாலையோரத்தில் யார் வீட்டு வாசல் இருக்கிறது என்றும் ஒரு பார்வை பாருங்க.